சம்பளம் கூடினால் சந்தோஷமா?

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, "கையில எவ்வளவுப்பா வரும்?" என்பதுதான். பிடித்தம் என்று கண்டாலே நமக்கு முகம் சுருங்கும். அந்தப் பிடித்தங்களில் ஒன்றுதான் இ.எஸ்.ஐ.

1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் இது. 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகவும், முதலாளியின் பங்கு 4.75-லிருந்து 3.25 ஆகவும் குறைக்கப்பட்டன. 21,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 158 ரூபாய் கட்டினால் போதும். குடும்பத்துக்கே வைத்தியம்! வயசு என்ன, சர்க்கரை இருக்கா என்ற கேள்வியே கிடையாது.

ஆனால், 2017-ல் வைத்த வரம்பான 21,000-ஐச் சம்பளம் தாண்டினால்? அந்த ஆறு மாதக் கணக்கு முடிந்ததும் வெளியே வர வேண்டியதுதான். என் அண்ணனுக்கு அதுதான் நடந்தது. சம்பள உயர்வுக்கு வீட்டில் கேசரி கிண்டினோம். சில மாதம் கழித்து, அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குக் கடையில் காசு எண்ணிக் கொடுத்தோம். அம்மாவுக்குத் தனிப் பாலிசி விசாரித்தால், வருடப் பிரீமியம் அண்ணனின் ஒரு மாதச் சம்பளம்! அதிலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்கணுமாம். 2024-க்கு முன் இது நான்கு வருடம் வரை இருந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. 10,000 ரூபாய் பிரீமியத்துக்கு 1,800 ரூபாய் மிச்சம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பத்தாயிரத்தை நிர்ணயிப்பது வரி அல்லவே! வயதும் நோயும்தானே?

இ.எஸ்.ஐ. ஏன் மலிவு? இளைஞனும் முதியவரும், நோயாளியும் திடகாத்திரமானவனும் கட்டாயமாக ஒரே உண்டியலில் போடுகிறார்கள், முதலாளியும் போடுகிறார். தனியாக வாங்கும்போதோ, நோய்க்குப் பயந்தவர்தான் முதலில் ஓடி வருகிறார். விலை ஏறாமல் என்ன செய்யும்?

வரியைக் குறைத்தால் விலை கொஞ்சம் இறங்கும். எல்லோரையும் சேர்த்தால்தான் ஏழைக்கு எட்டும். எனவே வரம்பைத் தாண்டியவனும் சந்தா கட்டித் தொடர வழி வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, இன்டர்வியூவில் சம்பளத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: "சார், அப்பா அம்மாவுக்கும் இன்சூரன்ஸ் உண்டா?"

சம்பளம் உயரட்டும், பாதுகாப்பும் கூடவே வரட்டும்!