காந்தாரம் கொஞ்சம் தூக்கல்

அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை 3 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜை ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. வாசித்தாலும் இழுக்கும், உறையில் போட்டு மூலையில் சாத்திவைத்தாலும் இழுக்கும். பலகையைத் தடிமனாக்கினால் பயமில்லை, ஆனால் சத்தமும் வராது. உடைந்துபோவதற்குச் சற்று முன்னால் நிற்கிற கிட்டார்தான் நன்றாகப் பேசும். அதற்காகப் பலகைக்கு அடியில் மெல்லிய மரச்சட்டங்களை எக்ஸ் வடிவில் ஒட்டுகிறார்கள். 1840களில் அமெரிக்காவில் சி. எஃப். மார்ட்டின் அந்த முறையைக் கையாண்டபோது கிட்டாருக்கு இருந்தது குடல் நரம்புக் கம்பிகள். பின்னால் ஸ்டீல் வந்தது. அதையும் அந்த எக்ஸ்தான் தாங்கியது. இன்றும் தாங்குகிறது.

இந்த நுணுக்கமெல்லாம் சென்னைக்கு ஒத்துவராது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பார்கள் கிட்டார் செய்கிறவர்கள். திருவான்மியூரில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது என் வீடு. ஐப்பசியில் டப்பாவுக்குள் இருக்கும் அப்பளமே நமுத்துப்போகும். முழுமரத்தில் செய்த மேற்பலகை ஈரத்தைக் குடித்து வயிறு புடைக்கும், பிரிட்ஜ் எழும்பும், கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு மேலே போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் விரலுக்குச் சுகம். மழைக்காலத்தில் அது மூன்றைத் தாண்டிவிடும். அப்போது எஃப் கார்டு பிடித்த சுட்டுவிரல் மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுகூட ஞாபகப்படுத்தும்.

"ஏசி ரூம்ல வெச்சா வெடிக்கும் சார், வெளிய வெச்சா ஊதும். நம்ம ஊருக்கு ப்ளைவுட் கிட்டார்தான் சார் லாயக்கு" என்றார் நான் வழக்கமாகப் போகும் ரிப்பேர்க்காரர். சொல்லிக்கொண்டே கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெக்கை நீளவாக்கில் பார்த்தார். அவர் சொன்னது சரி. ப்ளைவுட்டை ஏளனமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரை ஊரில் கிட்டார் வைத்திருக்காதவர்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். ப்ளைவுட் கிட்டார் சோபாவின் மேல் கிடக்கும். யாரும் எடுத்துத் தட்டலாம். முழுமரக் கிட்டாருக்குத்தான் பெட்டி, சிலிக்கா ஜெல், கவலை எல்லாம்.

அந்தக் கிட்டாரின் முதுகும் விலாவும் ஈட்டி மரம். தாத்தா வீட்டில் பீரோவாகவும் கட்டிலாகவும் பார்த்த அதே மரம். கிட்டார் உலகில் அதற்கு இந்தியன் ரோஸ்வுட் என்று பெயர். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானபோது, 1969 வாக்கில் மார்ட்டின் கம்பெனி தன் வழக்கமான மாடல்களுக்கு நம் ஈட்டியை எடுத்துக்கொண்டது. மற்றவர்களும் அந்தப் பக்கம் வந்தார்கள். கூடலூரிலும் வயநாட்டிலும் நின்ற மரம் பென்சில்வேனியா போய், கிட்டாராகித் திரும்ப இங்கேயே வந்து விற்கிறது. தமிழ்நாட்டில் பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017 தொடக்கத்தில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் காகிதம் கேட்டார்கள். 2019 கடைசியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

இவ்வளவு பாடுபட்டு வாங்குகிற மரத்தால் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் கேட்டார்கள். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரமாக, மற்றபடி ஒரே அச்சாக ஆறு கிட்டார்கள் செய்யச் சொல்லி, 52 கிட்டார்க்காரர்களை மங்கலான அறையில் உட்காரவைத்து, வெல்டர் கண்ணாடி மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரமோ மலிவான மரமோ, ஆறின் சத்தத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றுதான். ஆய்வு 2018இல் வந்தது. படித்துவிட்டு என் ஈட்டிக் கிட்டாரை விற்றுவிட்டேனா? இல்லை. அதன் முதுகில் ஓடும் கரும்பழுப்பு வரிகள் அழகு. வாசிக்கும்போது அந்த அதிர்வு நெஞ்சில் படுவது எனக்குப் பிடிக்கும். காரணம் என்று கேட்டால் இவ்வளவுதான். இதற்கு மேல் மரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைக்காரராக இருப்பார்கள், அல்லது நேற்றுத்தான் வாங்கியவர்களாக இருப்பார்கள்.

என்னைப் போல ஆபீஸ் முடிந்து வந்து வாசிக்கிறவர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கிட்டாரைப் பார்த்ததும் "ஏதாவது ஒரு பாட்டு வாசி" என்பார்கள். நானும் நான்கு கார்டுகளை வரிசையாகத் தட்டுவேன். "இது என்ன பாட்டு?" என்பார் சித்தப்பா. அவருக்கு மனப்பாடமான பாட்டுதான். ஆனால் பாட்டை விட்டுவிட்டு அதன் அடியில் ஓடுவதை மட்டும் கொடுத்தால் யாருக்கு அடையாளம் தெரியும்? புல்லாங்குழல்காரருக்கும் வயலின்காரருக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. கார்டு வாசிக்கிற கிட்டார்க்காரனுக்குப் பாடுகிற ஆள் ஒருவர் வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அடியில் இருந்து பழகியதால் காது மாறிவிட்டது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், லண்டன் ட்ரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதியவர் என்பதெல்லாம் தெரிந்த செய்தி. அவர் பாடல்களைச் சிறுவயதில் குரலுக்காகத்தான் கேட்டேன். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து 'இளைய நிலா'வில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரை எல்லோரும் சிலாகிப்பார்கள். முக்கியமாக அந்தத் தொடக்கத்தை. குரல் நுழைந்த பிறகும் அந்தக் கை ஓய்வதில்லை. கம்பி கம்பியாகப் பிரித்து, பாடகருக்கு வழிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை வாசிக்க முயன்று, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் ஒரு பக்கமும் போய்த் தடுமாறிய பிறகுதான் அது என் காதில் விழுந்தது. இன்றும் பாதி வேகத்தில்தான் வாசிக்கிறேன். ஆனால் கேட்பது முழு வேகத்தில்.

காது தீட்டப்பட்டால் சுகம் மட்டும் வருவதில்லை. கீழ்வீட்டு மாமி ஓய்வுபெற்ற வீணை டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் ஈ மேஜர் கார்டை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது: "காந்தாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கேப்பா!" ட்யூனரில் எல்லாக் கம்பியும் பச்சை காட்டியது. இருந்தாலும் மாமி சொன்னதுதான் சரி. கிட்டாரில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி ஃப்ரெட் பதித்திருக்கிறார்கள். எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம் என்ற வசதிக்காகச் செய்தது. அதற்கு விலையாக அந்தரகாந்தாரம் தன் இயல்பான இடத்திலிருந்து சுமார் 14 சென்ட் மேலே போய்விடுகிறது. அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. தம்புராவில் ஊறிய காதுக்கு அது உறுத்தும்.

மாமி மேலே வந்தார். "பிரடையைத் திருப்பி இறக்கேன்" என்றார். ஜி கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஈ மேஜரில் காந்தாரம் அந்தக் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது. அது சட்டென்று இனித்தது. அப்படியே ஜி கார்டைத் தட்டிக் காட்டினேன். அதில் அதே கம்பி சட்ஜமம். மாமி முகத்தைச் சுளித்தார். "இங்க சரி பண்ணா அங்க கெடறதே! இதை எப்படிப்பா வாசிக்கிறேள் நீங்கள்லாம்?" வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பார்கள், தேவையானால் அசைத்துக்கொள்ளலாம், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தும் சுரத்தைப் பிடிக்கலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்துக்குள் அடித்த உலோகம். கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, காபி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மாமி அடிக்கடி வருகிறார். வயதில் குரல் இறங்கி இப்போது நாலரைக் கட்டை. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டி ஈ வடிவத்தைப் பிடித்தால் அந்தச் சுருதி வந்துவிடும். காந்தாரப் பிரச்சினைக்கும் வழி கண்டேன். ஜி கம்பியை, கேப்போவிலிருந்து எண்ணி, முதல் ஃப்ரெட்டில் அழுத்தாமல் சுண்டுவிரலை நீட்டி நான்காவதில் அழுத்தினால் அதுவும் பஞ்சமமாகிவிடும். அப்போது ஆறு கம்பியிலும் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே. அதன் மேல் மாமி மோகனம் பாடுவார். காந்தாரத்தை அவர் தமக்கு வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்வார். என் பங்கு இரண்டே சுரம். சுண்டுவிரல் வலிக்கும். ஆனால் தனியாக வாசித்த எந்த நாளிலும் இந்தக் கிட்டார் இவ்வளவு சுருதியாக ஒலித்ததில்லை.

அடுத்த வாரம் தோடி பாடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. அதற்கு எந்தக் கார்டும் கிடையாது. "நீ பாட்டுக்கு ச-ப போட்டுண்டு இரு, குறுக்கே வராதே" என்று இப்போதே உத்தரவாகிவிட்டது.