ஏரியில் நாங்கள் துடுப்புப் பிடித்த நாள்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது குழாயில் வருவது. குழாய் நின்றால் வாளியில் சுமந்து வருவது. மழைக்காலத்தில் அலூர் நிரம்பி லயத்து வாசல்வரை ஏறி வருவது. 1991ஆம் ஆண்டில் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வறண்டு மலாக்கா மாநிலமே தவித்ததை மூத்தோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். தண்ணீருக்காக வரிசையில் நின்றதுண்டு. தண்ணீரைக் கண்டு அஞ்சியதும் உண்டு. தண்ணீரின்மேல் அமர்ந்து மகிழ்ச்சியாகச் செல்லலாம் என்பது மட்டும் எவருக்கும் தோன்றியதில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் தோன்றியதில்லை.

எங்கள் மாணவன் ஒருவன் பேச்சுப் போட்டியில், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் வென்றதை மேடை அதிர முழங்கிப் பரிசு பெற்றான். கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதையும், கப்பல் என்னும் சொல் மலாய் மொழியில் 'காப்பால்' என வழங்குவதையும் நாங்களே அவனுக்கு எழுதிக் கொடுத்தோம். பின்னர் அவனை ஏரிக்கரையில் நிறுத்திப் படகில் ஏறச் சொன்னபோது அவன் கேட்ட முதற்கேள்வி, "சார், கால் நனையுமா?" என்பதே!

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பள்ளி விடுமுறையில், நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஆயர் குரோ ஏரிக்கு அழைத்துச் செல்வதென முடிவு செய்தோம். இருபத்து மூன்று வீடுகளுக்கு அனுமதிக் கடிதம் அனுப்பினோம். பதினேழு கடிதங்கள் கையொப்பத்துடன் திரும்பின. எஞ்சிய ஆறு வீடுகளுக்கு நாங்களே நடந்து சென்றோம். ஐந்து வீடுகளில் பேச்சு எளிதாக முடிந்தது. ஆறாவது வீட்டைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியுள்ளது.

அந்த அம்மையார் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்பவர். அவருடைய மூத்த மகன் பதினோராம் வயதில் தோட்டத்துக் குட்டையில் மூழ்கி இறந்தான். பந்து ஒன்று நீரில் விழுந்தது, எடுக்கப் போனான். கரையில் இரு நண்பர்கள் நின்றார்கள். என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஒருவன் லயத்தை நோக்கி ஓடினான். மற்றவன் அழுதுகொண்டு நின்றான். ஆட்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூவரும் எங்கள் மாணவர்களே. மறுவாரம் சபைகூடலில் நாங்கள், "குட்டைப் பக்கம் எவரும் போகக்கூடாது" என்று கண்டிப்புடன் சொன்னோம். அதற்குமேல் ஒன்றும் கற்பிக்கவில்லை. அந்த நினைவு எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏரிப் பயணத்தை நாங்கள் விரும்பியதற்கு அதுவே காரணம் என்பதை இப்பொழுது ஒளிக்காமல் எழுதுகிறோம்.

இறந்தவனின் தங்கை அப்பொழுது நான்காம் ஆண்டில் பயின்றாள்.

"டீச்சர், நீங்க கூப்பிட்டா கோயிலுக்கு அனுப்புறேன், மலாக்கா கோட்டையைப் பார்க்க அனுப்புறேன். தண்ணிக்கு மட்டும் கேக்காதீங்க," என்றார் தாயார். நாங்கள் மறுமொழி கூறாமல் திரும்பினோம். அந்தத் தாயிடம் வாதம் செய்ய எங்களுக்கு என்ன தகுதி?

மூன்று நாள் கழித்து மறுபடியும் சென்றோம். "அம்மா, நீங்களும் எங்களுடன் வாருங்கள். கரையிலேயே நில்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் பிள்ளை படகில் கால் வைக்க மாட்டாள்" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டிதான் வாயைத் திறந்தார். "நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி வந்தவ நானு. சுத்தி எங்கெங்கயும் தண்ணி. அதுமேலதானே உக்காந்து வந்தோம்? போயிட்டு வா." ராஜுலா 1926ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட கப்பல்; நம் மூத்தோர் பலரை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது அதுவே. தாயார் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எங்களுடன் புறப்பட்டார்.

ஜாசினிலிருந்து பெம்பான் வழியாகப் பேருந்தில் சென்றோம். 'ஆயர் குரோ' என்றால் மலாய் மொழியில் கலங்கிய நீர் என்று பொருள். நாங்கள் சென்ற காலையில் ஏரி கலங்காமல் கண்ணாடிபோல் கிடந்தது. துடுப்புப் பழகுவோர்க்குக் கடலும் ஆறும் ஏற்றவை அல்ல. கடலில் அலை; ஆற்றில் ஓட்டம்; இரண்டும் பழகாதவனைத் தம் விருப்பப்படி இழுத்துச் செல்லும். சிற்றேரியில் ஓட்டம் இல்லை. சுற்றிலும் மரங்கள் நின்றால் காற்றின் வேகம் தணிந்துவிடும். எங்கு நின்று பார்த்தாலும் கரை அருகிலேயே தெரியும். காலை நேரமாயின் இன்னும் நன்று. நம் நாட்டில் காற்றும் இடியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் எழுகின்றன.

படகுகளைக் கவனித்துக்கொண்டவர் வயது முதிர்ந்த மலாய்க்காரர். பிள்ளைகள் அவரைப் பாக்சிக் என்றழைத்தார்கள். முதல் அரைமணி நேரம் அவர் ஒருவரையும் நீரருகே விடவில்லை. மிதவைச் சட்டையை மாட்டுவித்து, வார்களை இறுக்கி, ஒவ்வொரு பிள்ளையின் தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை காதுவரை ஏறினால் வார் தளர்ந்திருக்கிறது என்று பொருளாம். மறுபடியும் இறுக்கினார். எங்கள் மாணவர்களில் மெலிந்தவர் பலர். ஆகவே அவருக்கு வேலை மிகுதியாயிற்று.

பிறகு தரையிலேயே துடுப்புப் பாடம். இருமுனையும் தட்டையான துடுப்பு. கைகளைத் தோளகலத்தைவிடச் சற்று விரித்துப் பிடிக்க வேண்டும். பாதத்தருகே நீரில் இறக்கி, இடுப்புவரை இழுத்து, உடனே வெளியே எடுக்க வேண்டும். வலப்பக்கம் இழுத்தால் படகின் முகம் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். இதைக் கேட்டுப் பிள்ளைகள் நம்பவில்லை. நீரில் இறங்கிச் சுற்றிச் சுற்றி வந்த பின்னரே நம்பினார்கள். கையால் மட்டும் இழுப்பவன் விரைவில் சோர்வான். உடலைத் திருப்பி இழுப்பவன் நெடுநேரம் செல்வான். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாமல் படகையே பற்றிக்கொண்டு மிதக்க வேண்டும் என்பதைப் பாக்சிக் நான்குமுறை சொன்னார். மற்ற நேரமெல்லாம் அவர் வாயில் இரண்டே சொற்கள்: 'டுடோக்', அதாவது உட்கார், 'பெலான் பெலான்', மெதுவாக.

பிள்ளைகள் அவருக்குக் கீழ்ப்படிந்தார்கள். நாங்கள் கீழ்ப்படியவில்லை. ஆண்டு மலருக்குப் படம் வேண்டுமென்று, கரையிலிருந்து பத்து முழத்தில், எங்களில் ஒருவர் படகில் எழுந்து நின்றார். தாழ்வாக இருக்க வேண்டிய எடை மேலே போயிற்று. படகு ஒருமுறை இப்படிச் சாய்ந்தது. நாங்கள் அப்படிச் சாய்ந்தோம். இருவரும் நீருக்குள் போனோம். புகைப்படக் கருவியும் போயிற்று. இம்மலரில் அப்பயணத்தின் படம் ஏன் இல்லை என்று கேட்போர்க்கு விடை இதுவே.

நீருக்குள் போன நொடியில் எங்களுக்கு உண்மையாகவே உயிர் நடுங்கியது. எங்களுக்கும் நீச்சல் தெரியாது. மறுநொடி, யாரோ கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கியதுபோல் சட்டை எங்களை மேலே கொண்டுவந்தது. படகைப் பற்றிக்கொண்டு மிதந்தோம். கரையில் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தத் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாக்சிக் கயிறு கட்டிய காலி நெகிழிக் கலன் ஒன்றை எங்களை நோக்கி வீசி, கரையில் நின்றபடியே எங்களை இழுத்துச் சேர்த்தார். அவர் நீரில் இறங்கவே இல்லை.

சொட்டச் சொட்ட நின்ற எங்களிடம் அம்மையார் வந்தார். ஏசுவார் என்று எண்ணினோம். அவர் எங்கள் தோளில் இருந்த சட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். பின்னர் கரையில் கிடந்த வேறொரு சட்டையை எடுத்து, ஓரமாகக் குந்தி, அதை நீருக்குள் அமுக்கினார். அது மேலே வந்தது. மறுபடியும், முழங்கை நனையும் அளவுக்கு, அமுக்கினார். மறுபடியும் வந்தது. எத்தனை முறை அவ்வாறு செய்தார் என்று நாங்கள் எண்ணவில்லை. பிறகு மகளை அழைத்து, வார்களைத் தம் கையாலேயே இறுக்கினார்.

சிறுமி பாக்சிக்கின் படகில் முன்புறம் அமர்ந்து சென்றாள். கரையை ஒட்டியே சென்றார்கள். படகு நகர நகரத் தாயாரும் கரையோரமாக நடந்தார். கண் ஒரு கணமும் பிறழவில்லை. பாதி வழியில் பாக்சிக் தம் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். அதன்பின் படகை ஓட்டியவள் அவள்தான். நேராகச் செல்லவில்லை, பாம்புபோல் வளைந்து சென்றது. ஆயினும் சென்றது.

நண்பகலுக்குச் சற்று முன்னர் தொலைவில் இடி முழங்கியது. வானம் எங்கள் தலைக்குமேல் தெளிவாகவே இருந்தது. பாக்சிக் எல்லாப் படகுகளையும் உடனே கரையேற்றிவிட்டார். பிள்ளைகள் கெஞ்சியும் இசையவில்லை. இடியோசை கேட்கும் தூரத்தில் மின்னலும் தாக்கக்கூடும்; திறந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து தெரிவது படகில் இருப்பவன் தலையே என்றார். பேருந்தில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் அம்மையார் பள்ளிக்கு வந்தார். மகளைப் பற்றிப் பேசவில்லை. "அந்தத் தாத்தா வீசினது சும்மா காலி எண்ணெய்ப் புட்டிதானே, டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றோம். மூடியை இறுக்க வேண்டும், பிடிக்க எளிதாக இருக்க வேண்டும், அடியில் சிறிதளவு நீர் விட்டால் வீசும்போது காற்றில் அலையாமல் செல்லும் என்றும் சொன்னோம். மூழ்குபவனைப் பிடிக்க நீரில் குதிப்பவனும் மூழ்கக்கூடும்; ஆகவே முதலில் மிதக்கும் பொருளை வீச வேண்டும் என்பதை, ஐந்தாண்டுக்கு முன்னர் சொல்லியிருக்க வேண்டியதை, அன்று சபைகூடலில் எல்லா மாணவர்க்கும் சொன்னோம். திடலில் கோடு கிழித்து, ஒவ்வொருவரையும் வீசப் பழக்கினோம்.

தோட்டத்துக் குட்டையின் கரையில் ஒரு ரம்புத்தான் மரம் நிற்கிறது. இரண்டு நாள் கழித்து அவ்வழியே சென்றபோது பார்த்தோம். ஐந்து கிலோ சமையல் எண்ணெய்க் கலன் ஒன்று, நீண்ட நைலான் கயிற்றுடன், ஒரு சிறுவனின் கைக்கு எட்டும் உயரத்தில் அம்மரக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.