கூட யார் பார்த்தார்கள்?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நெஸ் ஏரி எப்படி உண்டானது என்பதற்கு ஒரு வாய்மொழிக் கதை உண்டு. பள்ளத்தாக்கில் ஓர் ஊற்று இருந்தது. தண்ணீர் மொண்டதும் அதன் வாயைக் கல்லால் மூடிவிட வேண்டும் என்பது ஒரு பூசாரி வைத்துவிட்டுப் போன கட்டளை. ஒருநாள் தண்ணீருக்கு வந்த பெண்ணுக்கு, வீட்டில் விட்டு வந்த குழந்தை அடுப்பு நெருப்பருகே விழுந்துவிட்டது என்று சத்தம் கேட்கிறது. கல்லை மறந்து ஓடுகிறாள். ஊற்று பொங்கிப் பள்ளத்தாக்கு முழுவதையும் முழுக்கிவிடுகிறது. மலைமேல் ஏறித் தப்பியவர்கள், இப்போது அங்கே ஏரி இருக்கிறது என்று கெய்லிக் மொழியில் கூவினார்களாம். அந்தக் கூவலிலிருந்துதான் ஏரிக்குப் பெயர் வந்ததாம். சொற்பிறப்பாக இது தேறாது. கதையாக நன்றாகவே தேறும்.

நாட்டார் வழக்காற்றியல் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்நேரம் அவ புருஷன் எங்கம்மா இருந்தான்?" கதையில் அவன் இல்லை. கட்டளை போட்டவன் இருக்கிறான், தப்பியோடிய ஊரார் இருக்கிறார்கள், பழி சுமக்க ஒரு தாய் இருக்கிறாள். குழந்தையைத் தூக்கப் போனதற்கு ஒரு ஏரியளவு தண்டனை.

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கரை போட்டு மழைநீர் தேக்கும் ஏரியல்ல இது. நிலப்பிளவில் சுமார் 37 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் நீர்ப்பள்ளம். ஆழமான இடத்தில் 230 மீட்டர். சுற்றியுள்ள சதுப்பு மண்ணின் மக்கு கரைந்து வருவதால் தண்ணீர் கறுத்திருக்கும், சில அடிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இதற்குள்தான் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ஏரிப்பூதம் வசிப்பதாகச் சொல்கிறார்கள்.

இன்று நாம் அறிந்திருக்கும் வடிவில் அந்தப் பூதத்தை ஊருக்குச் சொன்னவர் ஒரு பெண். ஆல்டி மக்கே. ஏரிக்கரை ஊரான டிரம்னட்ராகிட்டில் ஒரு விடுதியின் மேலாளர். 1933 ஏப்ரலில் கணவர் கார் ஓட்ட, ஏரியோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் பெரிதாகக் கலங்குவதைப் பார்த்தார். இரண்டு வாத்துகள் சண்டையிடுகின்றன என்றுதான் முதலில் நினைத்தார். கலக்கம் அதைவிடப் பெரிது என்று பிறகு தெரிந்தது. கணவர் காரை நிறுத்தித் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது அலை மட்டும்.

மே 2ஆம் தேதி 'இன்வர்னஸ் கூரியர்' இதழில் செய்தி வந்தது. எழுதியவர் அலெக்ஸ் கேம்பெல். ஏரியில் மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் காவலர், பகுதிநேரச் செய்தியாளர். அந்தச் செய்தியில் ஆல்டி மக்கே என்ற பெயர் இல்லை. பார்த்தவர்கள் யார் என்றால், பிரபல வணிகர் ஒருவரும் அவருடைய மனைவியும். மனைவி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு தகவல்: பல்கலைக்கழகப் பட்டதாரி.

அந்த அடைப்புக்குறியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரின் பெயரும் இல்லைதான். ஆனால் வணிகருக்கு அடைப்புக்குறி தேவைப்படவில்லை. அவர் வணிகர், போதும். அவள் படித்தவள், ஆகவே கொஞ்சம் நம்பலாம் என்று வாசகரிடம் ஒரு சிபாரிசு. முதலில் பார்த்தது அந்தப் பெண்தான் என்று செய்தியே சொல்கிறது. இருந்தும் வாக்கியத்தில் அவள் இரண்டாவதாகத்தான் வருகிறாள். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது மரபு. அங்கே இருவருக்கும் ஒரே விதி. செய்தித்தாளின் மரபு வேறு.

அதே ஆண்டு கோடையில் ஸ்பைசர் தம்பதி, ஒரு விநோத விலங்கு சாலையைக் கடந்து ஏரிப்பக்கம் போவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். காரில் இருவர் இருந்தார்கள். புத்தகங்களில் அது ஜார்ஜ் ஸ்பைசர் கண்டது.

எங்கள் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். சில ஆண்டுகள் அதில் உறுப்பினராக இருந்தேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். ஒரு மாணவி புகார் கொண்டு வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே ஒருவர் கைப்பேசியை மேல்நோக்கிப் பிடித்திருந்தார். இவள் குனிந்து பார்த்ததும் கை உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான் அவள் பார்த்தது. முதல் கேள்வி, "கூட யார் பார்த்தது?" இரண்டாவது, "நல்லாத் தெரியுமாம்மா?" மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண்: "முன்விரோதம் ஏதும் இருக்கா?" அந்தப் பிள்ளை முதலில் சொன்ன வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நான்தான் தப்பா நினைச்சிட்டேனோன்னு ரெண்டு நாள் யோசிச்சேம்மா." வாத்துகளாக இருக்கலாம் என்று அவளும் முதலில் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

கைப்பேசியில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. கொடுத்தது நான்காவது நாள். புகார் நிரூபணமாகவில்லை. அந்த வாரக் கடைசியில் படிக்கட்டின் இடைவெளிகளை அடைத்து ஒட்டுப்பலகை அறைந்தார்கள். ஒன்றுமே நடக்காத படிக்கட்டுக்குப் பலகை எதற்கு என்று கூட்டத்தில் கேட்டேன். பராமரிப்புப் பணி என்றார்கள்.

ஆல்டி மக்கேயின் மேல் இன்றுவரை வைக்கப்படும் சந்தேகம், அவர் விடுதி நடத்தியவர் என்பது. பூதம் வந்தால் பயணிகள் வருவார்கள், ஆகவே ஆதாயம். கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அதே 1933இல், லண்டனின் 'டெய்லி மெயில்' நாளிதழ் மார்மடியூக் வெத்தரல் என்ற வேட்டைக்காரரை அமர்த்தி பூதத்தைத் தேட அனுப்பியது. போன சில நாளிலேயே அவர் கரையில் காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அச்சுகளைப் பார்த்து, நீர்யானையின் கால் என்று சொல்லிவிட்டது. பதப்படுத்திய ஒற்றைக் காலை மண்ணில் அழுத்தியிருக்கிறார்கள். குடை வைக்கும் தாங்கியாக அப்படிப்பட்ட கால்கள் அந்நாளைய பணக்கார வீடுகளில் இருந்தன. 1934 ஏப்ரலில் அதே நாளிதழ் வெளியிட்டது அந்தப் புகழ்பெற்ற படம், நீண்ட கழுத்தும் சிறு தலையும். கொடுத்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் கென்னத் வில்சன். படத்துக்கு வந்த பெயர், அறுவை மருத்துவரின் புகைப்படம். அந்தப் பெயரே சாட்சி. 60 ஆண்டுகள் கழித்து, 1994இல்தான் விவரம் வெளிவந்தது. பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின் மேல் தலை ஒட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். செய்தவர் வெத்தரலின் மாற்றாந்தந்தை உறவில் மகனான கிறிஸ்டியன் ஸ்பர்லிங். வில்சன் பெண்கள் நோய் மருத்துவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்வது, வாழ்க்கை சில சமயம் மோசமான கவிஞனைப் போல உருவகம் எழுதுகிறது.

ஆக, பொய்ச் சான்றுக்கு 60 ஆண்டு ஆயுள். பெண் தன் கண்ணால் கண்டதற்கு அடைப்புக்குறி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. ஏரியில் பூதம் இல்லை. 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெம்மல் குழுவினர், தண்ணீரில் உயிர்கள் விட்டுச்செல்லும் மரபணுத் தடயங்களைத் தேடி சுமார் 250 மாதிரிகள் எடுத்தார்கள். ஊர்வன இனத்தின் தடயமே கிடைக்கவில்லை. விலாங்கு மீனின் தடயம் ஏராளம். பெண்ணை நம்பு என்று முழங்கும் நான், இப்போது ஆல்டி மக்கேயை என்ன செய்வது?

அவர் பார்த்தார் என்பதை நம்புகிறேன். தண்ணீர் கலங்கியது. அது அலையா, பறவையா, படகு போன தடமா என்று விசாரிப்பது அதற்கு அடுத்த வேலை. சாட்சியை நம்புவது என்றால் விசாரணையை மூடுவது என்று நம்மைப் பழிப்பவர்கள் நினைக்கிறார்கள், சமயத்தில் நாமும் நினைக்கிறோம். நான் கேட்பது விசாரணை தொடங்குவதற்கான நம்பிக்கை. அந்த மாணவிக்கு இல்லாமல் போனது அதுதான். அவள் சொன்ன அன்றே கைப்பேசியை வாங்கியிருக்க வேண்டும்.

இதைச் செய்து பார்த்த பெண் ஒருத்தி அந்த ஏரிக்கரையிலேயே இருந்திருக்கிறார். கான்ஸ்டன்ஸ் வைட். மருத்துவம் படித்தவர், அவ்வழியே செல்லும் கலிடோனியக் கால்வாயின் மேலாளரை மணந்து அங்கே குடியேறியவர். பார்த்ததாகச் சொன்னவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். நேர்மையாகச் சொன்னவர்களை ஊர் கேலி செய்ததே அவரை எழுதத் தூண்டியது. 1957இல் புத்தகம் வந்தது. பூதம் உண்டு என்று அவர் நம்பினார், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கிடாமல், எத்தனை மணி, எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்த முறையை எங்கள் குழுவுக்குப் பாடமாக வைக்கலாம்.

பூதத்துக்கு நெஸ்ஸி என்று செல்லப்பெயர். ஆக்னஸ் என்ற பெண்பெயரை ஸ்காட்லாந்தில் அப்படிச் சுருக்கி அழைப்பார்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'அவள்' என்றே சொல்கிறார்கள். தமிழில் எழுதினால் 'அது' ஆகிவிடும், நம் திணை விதி காப்பாற்றுகிறது. ஆல்டி மக்கே வேலை பார்த்த அந்தப் பழைய விடுதிக் கட்டடத்தில் இப்போது நெஸ் ஏரிக் கண்காட்சி நடக்கிறது. 2023இல் புதுப்பித்துத் திறந்தார்கள். நுழைவுக்கட்டணம் உண்டு.