புல்லட்டில் ஏறிய கார் மீட்டர்

ஞாயிறு

புதுச்சேரி காந்தி வீதியில் சந்தை கூடும் நாள். சட்டை, செருப்பு, பழைய புத்தகம் எல்லாவற்றையும் கடந்து, இரும்புச் சாமான் விரித்திருந்த இடத்தில் முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் குனிந்து ஒரு பொருளை எடுத்தார். காரில் வைக்கும் ஆர்.பி.எம். மீட்டர். கறுப்புத் தட்டு, 0 முதல் 8,000 வரை எண்கள், முதுகில் 4, 6, 8 என்று குறித்த சின்ன சுவிட்ச். சிவப்பு வயர் மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை உள்விளக்குக்கு, பச்சை காயிலுக்கு. வயர்கள் நைந்திருந்தாலும் முள் தடையில்லாமல் ஆடியது. பேரம் பேசி வாங்கிக்கொண்டார்.

அவரிடம் காரே கிடையாது. இருப்பது 1970களின் புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த வண்டி. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். முகப்பு விளக்கின் தலையில் ஸ்பீடோ மீட்டரும் அம்மீட்டரும் மட்டும் இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்ட அதில் ஒன்றும் இல்லை.

அதனால் என்ன, காது இருக்கிறதே என்பார்கள் புல்லட்காரர்கள். உண்மைதான். நல்ல மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டே ஸ்லோ வைத்துவிடுவார். ஆனால் காது கேட்டதை எழுதிவைக்க முடியாது. போன மாதம் கார்புரேட்டர் திருகிய பிறகு வண்டி எந்தச் சுற்றில் நின்றது, இன்று எந்தச் சுற்றில் நிற்கிறது என்று ஒப்பிட எண் வேண்டும். மீட்டரைத் தேடி அவர் அலைந்தது அதற்காகத்தான்.

திங்கள்

வயர் எதையும் தொடாமல், மாலை முழுதும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். வேலையின் மையமே இந்தக் கணக்குதான்.

கார் மீட்டருக்குச் சுற்று என்றால் என்னவென்று தெரியாது. பாயிண்ட், அதாவது காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் எழும் மின் அடியை அது எண்ணுகிறது, அவ்வளவே. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. பழைய நான்கு சிலிண்டர் காரில் எல்லாப் பொறியும் ஒரே காயிலில் பிறப்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. சுவிட்சை 4இல் வைத்தால் மீட்டர், 'இரண்டு அடி வந்தால் ஒரு சுற்று' என்று எடுத்துக்கொள்ளும்.

புல்லட்டில் பாயிண்ட்டைத் திறக்கும் கேம், இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆக ஒரு சுற்றுக்கு அரை அடி. கார் மீட்டரை அப்படியே கொடுத்தால் உண்மையில் கால் பங்குதான் காட்டும். வண்டி 1,000 சுற்றில் ஸ்லோவில் நின்றால் முள் 250இல் சோர்ந்து கிடக்கும். நான்கால் பெருக்கிக்கொள்ளலாமே என்றால், 18 குதிரைத்திறனை 5,625 சுற்றில் தரும் இன்ஜினுக்குத் தட்டில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பயன்படாது. அந்தச் சின்ன இடத்தில் 1,000க்கும் 1,200க்கும் வித்தியாசம் தெரியாது.

மற்ற வண்டிகளுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவா, யெஸ்டி 250 இரண்டும் ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். சுற்றுக்கு ஒரு அடி, கார் மீட்டர் பாதி காட்டும். ஹீரோ ஹோண்டா சிடி 100 நான்கு ஸ்ட்ரோக்தான். ஆனாலும் பொறிக்கான சைகை கிராங்க் சக்கரத்திலிருந்து வருவதால், வெளியேற்றும் ஸ்ட்ரோக்கிலும் வீணாக ஒரு பொறி விழும். அதற்கும் சுற்றுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அழகான விடை ராஜ்தூத் 350க்கு. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட், ஒரு காயில். இரண்டு காயிலிலிருந்தும் ஆளுக்கொரு டயோடு போட்டு ஒரே வயரில் சேர்த்தால் சுற்றுக்கு இரண்டு அடி! நான்கு சிலிண்டர் கார் மீட்டர் எந்த மாற்றமும் இல்லாமல் சரியாகக் காட்டிவிடும். அந்த வண்டிக்குக் கேபிளில் ஓடும் மீட்டர் கம்பெனியிலேயே உண்டு. அது உடைந்துபோனவர்களுக்கு இது நல்ல வழி.

ஆர்எக்ஸ் 100 போன்ற சிடிஐ வண்டிகளை அவர் தனியே ஒதுக்கிவைத்தார். அங்கே காயிலுக்குள் போவது மின்தேக்கி ஒன்று சட்டென்று கொட்டும் உயர் மின்னழுத்தம். பாயிண்ட் வண்டிக்கென்று செய்த மீட்டரை அதில் நேரே மாட்டுவது மீட்டரைப் பலி கொடுப்பது போல.

புதன்

அடுத்த சிக்கல் பேட்டரி. அந்தக் கால புல்லட் 6 வோல்ட். மீட்டர் 12 வோல்ட். அதோடு 6 வோல்ட் என்பது பெயரளவுக்குத்தான். ஸ்லோவில் ஹெட்லைட்டைப் போட்டால் இறங்கும், ஓட்டத்தில் ஏறும். மீட்டருக்குப் போகும் மின்சாரம் இப்படி ஆடினால் முள்ளும் சேர்ந்து பொய் சொல்லும்.

தீர்வு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் பூஸ்ட் கன்வர்ட்டர் பலகை. உள்ளே வருவது 5 ஆனாலும் 7 ஆனாலும் வெளியே 12இல் நிறுத்தும். மீட்டரின் உள்விளக்கு பல்பாக இருந்தது. அந்தப் பல்புதான் அதிக மின்சாரம் குடிக்கும் என்பதால் கழற்றிவிட்டு எல்இடி வைத்தார்.

பலகையை இணைக்கும் முன் மல்ட்டி மீட்டரை எடுத்து எர்த்தைச் சோதித்தார். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனையை எர்த் செய்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாட்டினால் பலகையும் மீட்டரும் ஒரே நொடியில் புகைந்துவிடும். இந்த வண்டியில் மைனஸ்தான் எர்த்.

வியாழன்

பச்சை வயரின் முறை. காயிலில் பாயிண்ட் பக்கத்து முனையில்தான் இது சேர வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலில் அடைந்திருந்த காந்தப்புலம் சரிய, அந்த முனையில் 200 வோல்ட்டைத் தாண்டி மின்னழுத்தம் துள்ளும். வண்டி 6 வோல்ட் என்பது இங்கே பொருட்டே இல்லை. மீட்டருக்கு வேண்டிய அடி தாராளமாகக் கிடைக்கிறது. துள்ளிய பிறகு அது உடனே அடங்காமல் சில முறை அதிரும். அந்த அதிர்வையும் அடியாக எண்ணினால் முள் தாறுமாறாகக் குதிக்கும். எனவே வழியில் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மீட்டர் பக்கத்தில் எர்த்துக்கு ஒரு சின்ன கெபாசிட்டர்.

ரெசிஸ்டரை எங்கே வைப்பது என்பதில், கூட இருந்த மெக்கானிக் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "மீட்டருக்குள்ளயே வெச்சிடலாமே அண்ணே, மழ படாம இருக்கும்?"

"அங்க வெச்சா, ஹேண்டில் திரும்பித் திரும்பி வயர் தோல் உரிஞ்சு பாடில பட்டா என்ன ஆகும் தம்பி?"

தம்பிக்கு உடனே புரிந்தது. பாயிண்ட் எப்போதும் மூடியே கிடப்பதற்குச் சமம். பொறி நிற்கும், வண்டி நடுரோட்டில் நிற்கும். ரெசிஸ்டர் காயிலுக்கு ஒட்டியே இருந்தால் அதற்கப்பால் வயர் எங்கே உரசினாலும் மீட்டர் மட்டும்தான் சாகும், இன்ஜின் ஓடும். பழைய வண்டியில் புதிதாக எதைச் சேர்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இது கெட்டால் வண்டி ஓடுமா? கேட்காமல் மாட்டிய அலாரங்களும் ஹாரன்களும் எத்தனை புல்லட்களைத் தள்ளவைத்திருக்கின்றன!

சனி

மீட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே இருப்பது எளிய சுற்று. ஒவ்வொரு அடி வந்ததும் ஒரே அகலமுள்ள ஒரு மின் துடிப்பு பிறக்கிறது. துடிப்புகளின் சராசரிதான் முள்ளைத் தள்ளுகிறது. அடி கூடினால் சராசரி கூடும். துடிப்பின் அகலத்தைத் தீர்மானிப்பவை ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும். முதுகு சுவிட்ச் செய்வதெல்லாம் ரெசிஸ்டரை மாற்றுவதுதான். 8க்குச் சிறியது, 4க்கு அதைப்போல் இரு மடங்கு.

கால் பங்கு காட்டுவதைச் சரியாக்க, துடிப்பை நான்கு மடங்கு அகலமாக்க வேண்டும். 4ஆம் நிலையின் ரெசிஸ்டரை அளந்து, அதன் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான நிலையான ரெசிஸ்டர் ஒன்றும் மீதிக்குத் திருகி அளவு மாற்றும் பிரிசெட் ஒன்றுமாக, 6ஆம் நிலையில் பற்றவைத்தார். 4, 8 இரண்டையும் தொடவில்லை. நாளை இந்த மீட்டர் காருக்கே திரும்பினாலும் பயன்படும். ரெசிஸ்டர் மெட்டல் ஃபிலிம் வகை. மே மாத வெயிலில் நிற்கும் வண்டியில் சூட்டுக்கு அளவு மாறாத பாகம்தான் வேண்டும்.

வண்டியை உதைத்துப் பார்த்ததும் முள் மேலேறியது. ஆனால் ஸ்லோவில் நடுங்கியது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1,000 சுற்றில் கார் நொடிக்கு 33 அடி கொடுக்கிறது, புல்லட் கொடுப்பது எட்டுக்குச் சற்று மேல். அடிகளுக்கு இடையில் முள் விழத் தொடங்கிவிடுகிறது. முள்ளின் சுருளுக்குக் குறுக்கே இருந்த கெபாசிட்டரை நான்கு மடங்காக்கியதும் நடுக்கம் அடங்கியது. அதற்கு மேல் போனால் முள் கல்லாய் நிற்கும், ஆனால் ஆக்சிலேட்டர் திருகி ஓய்ந்த பிறகே ஏறும். கொஞ்சம் நடுக்கம் இருக்கட்டும் என்று விட்டார். அது சரியான முடிவு. புல்லட் ஸ்லோவில் நடுங்குகிற இன்ஜின்தான்.

மறு ஞாயிறு

முள் ஏறினால் போதாது. உண்மை சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு ஆர்.பி.எம். மீட்டர் கைவசம் இல்லை. வீட்டுச் சுவரிலேயே ஒரு நம்பகமான அளவுகோல் இருக்கிறது: நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் வீட்டு மின்சாரம். நாட்டின் மின்தொகுப்பு அதை 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைக்க விதி சொல்கிறது. சந்தையில் வாங்கிய மீட்டருக்கு அதைவிடத் துல்லியம் தேவையில்லை.

சுவரில் நேரே கை வைக்கவில்லை. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, ஒரு டயோடு போட்டு நொடிக்கு 50 அடியாக்கினார். புல்லட் கணக்கில் நொடிக்கு 50 பொறி என்றால் 100 சுற்று, நிமிடத்துக்கு 6,000. முள் 6,000இல் நிற்கும்வரை பிரிசெட்டைத் திருகினார். பிறகு சிடி4013 என்ற மலிவான ஐசி. அதற்குள் இரண்டு ஃபிளிப் ஃபிளாப். ஒவ்வொன்றும் வருவதைப் பாதியாக்கும். 50இலிருந்து 25, அதிலிருந்து 12.5. தட்டில் அவை 3,000, 1,500. மூன்று புள்ளியிலும் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டார். நடுவில் சற்றே கூடக் காட்டியது. கீழும் மேலும் சரி.

இரவில் இன்னொரு சோதனை, ஓடுகிற இன்ஜினிலேயே. பழைய செம்புச் சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். பாயிண்ட் மூடியைக் கழற்றி, கேமின் முகத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி. இன்ஜின் 3,000 சுற்றில் கேம் நொடிக்கு 25 முறை சுற்றும். ஒரு சுற்றுக்குள் விளக்கு நான்கு முறை மின்னும். ஆக்சிலேட்டரை மெல்லத் திருகியபோது, புள்ளிகள் ஓடி ஓடி வேகம் குறைந்து, நான்கு மூலையில் நான்காக அசையாமல் நின்றன. முள் 3,000ஐத் தொட்டு ஒரு மயிரிழை மேலே. பகலில் கண்ட அதே வழுவல்.

செவ்வாய்

மாட்டும் வேலை. கார் மீட்டர் டாஷ்போர்டுக்குள் வாழப் பிறந்தது. மழையும் அறியாது, ஒற்றை சிலிண்டரின் உதையும் அறியாது. இரண்டில் உதைதான் கொடியது. முள் உட்காரும் நுனி தேய்ந்துபோகும். ஹேண்டில் கிளாம்பில் ஒரு தகடு, தகட்டுக்கும் மீட்டருக்கும் இடையில் ரப்பர் புஷ், மூடியின் விளிம்பில் சிலிக்கான் பசை, அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை. கடற்காற்று அடிக்கிற ஊர். திறந்த செம்பு இங்கே சீக்கிரமே பச்சை பூத்துவிடும். அதனால் எல்லா இணைப்பையும் முறுக்கி டேப் சுற்றாமல், பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டார்.

வெள்ளி

கிழக்குக் கடற்கரைச் சாலை. முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி. விடியலில் டாப் கியரில் 60இல் நிதானமாக ஓட்டினார். பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும்; 60 கிலோமீட்டர் வேகம் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், அதாவது 500 சக்கரச் சுற்று. பிளக்கைக் கழற்றிவிட்டு டாப் கியரில் சக்கரத்தைக் கையால் சுற்றி எண்ணியதில், சக்கரம் ஒன்றுக்கு இன்ஜின் ஏறத்தாழ ஐந்தரை. 2,750 வர வேண்டும். முள் 2,700க்கும் 2,800க்கும் இடையில் ஆடியது. ஸ்பீடோ மீட்டரின் பிழையையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குமேல் கேட்க முடியாது.

திரும்பி வந்ததும் பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்து, ஸ்லோவை 1,000இல் நிறுத்தி, இரண்டையும் நோட்டில் எழுதினார்.

மெக்கானிக் தம்பிக்கு இப்போது தன் யெஸ்டிக்கும் ஒன்று வேண்டுமாம். அதுவும் 6 வோல்ட், அதே கன்வர்ட்டர் போதும். சுற்றுக்கு ஒரு அடி என்பதால் ரெசிஸ்டர் இரு மடங்குதான். முள் சுருளின் கெபாசிட்டரும் அதே இரு மடங்கு. டிரான்ஸ்ஃபார்மரில் வைத்து அளக்கும்போது 50 அடிக்கு முள் 3,000இல் நிற்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.