கண்ணுக்கு எட்டாத 640 நொடிகள்

2014 டிசம்பர் 18, வியாழன்

காலை 9.30. ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து பருத்த உடம்போடு ஒரு ராக்கெட் கிளம்புகிறது. ஒல்லியான பி.எஸ்.எல்.வி.யைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிய உருவம். இரண்டு தோள்களிலும் இரண்டு எஸ்200 பூஸ்டர்கள். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3 என்ற பெயரைப் பல வருடங்களாகக் காகிதத்தில் மட்டுமே படித்துவந்த விண்வெளி ஆர்வலர்கள் அதை முதன்முதலாக வானத்தில் பார்க்கிறார்கள்.

சோதனைப் பயணம் நன்றாகவே முடிகிறது. மனிதர்கள் அமரக்கூடிய கூண்டு ஒன்று, ஆள் இல்லாமல், 126 கிலோமீட்டர் உயரம்வரை போய், பாராசூட் விரித்து, வங்காள விரிகுடாவில் இறங்குகிறது. கடலோரக் காவல்படையினர் மீட்டெடுக்கிறார்கள். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போடுகின்றன.

ஆனாலும் விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறை. ராக்கெட்டின் உச்சியில் இருக்க வேண்டிய கிரையோஜெனிக் நிலை இன்று வேலை செய்யவில்லை. எஞ்சின் இன்னும் தயாராகாததால் அதன் இடத்தில் அதே எடைக்கு ஒரு மாதிரி நிலையை வைத்து, திரவ நைட்ரஜன் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். நாற்காலி போட்டாகிவிட்டது, உட்கார வேண்டியவர் வரவில்லை. அவர் எப்போது வருவார் என்பதுதான் அடுத்த இரண்டரை வருடங்களுக்கு ஆர்வலர்களின் கேள்வி.

2017 பிப்ரவரி 17, வெள்ளி

அவர் வளர்ந்துகொண்டிருந்த இடம் தமிழ்நாட்டின் தெற்குக் கோடி. காவல்கிணறு, பணகுடி பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற மகேந்திரகிரி. இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின்களும் கிரையோ எஞ்சின்களும் இங்கேதான் தீக்குளித்துத் தேறுகின்றன.

இன்று சி25 என்ற முழு கிரையோ நிலையையும் மேடையில் இறுக்கிக் கட்டி எரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். இந்தக் கடுங்குளிர் திரவங்கள் சிஇ-20 எஞ்சினுக்குள் சந்தித்து எரியும்போது ஏறத்தாழ 20 டன் உந்துவிசை பிறக்கிறது. ஜனவரி 25 அன்று 50 நொடிகள் எரித்துப் பார்த்திருந்தார்கள். இன்று 640 நொடிகள். விண்ணில் எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ, அவ்வளவு நேரமும்.

640 நொடி என்றால் பத்து நிமிடம் நாற்பது நொடி. தரையில் அசையாமல் நின்றபடி அந்த எஞ்சின் தன் பயணம் முழுவதையும் முடித்துவிட்டது. அன்றைய செய்தியைப் படித்த ஆர்வலர்களுக்கு அந்த எண் மனதில் பதிந்துபோனது. இனி எந்தக் கடற்கரையில் நின்றாலும் அவர்கள் எண்ணப்போவது அதைத்தான்.

இந்த எண்ணுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு இருக்கிறது. 1991-ல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸோடு கிரையோ தொழில்நுட்பத்துக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. 1992-ல் அமெரிக்கா தடை விதித்தது. மறு வருடம் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, செய்து முடித்த நிலைகளை மட்டும் தருவதாகச் சொன்னது. அவை தீர்வதற்குள் நாமே ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி.

2010 ஏப்ரல் 15-ல் நம் சொந்த கிரையோ எஞ்சினோடு கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. கடலில் விழுந்தது. அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று ரஷ்ய நிலையோடு போன இன்னொன்று, கிளம்பி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வங்காள விரிகுடாவுக்கு மேலே நெருப்புக் குவியலாக வெடித்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 19-ல் இன்னும் 74 நிமிடமே இருக்கும்போது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்து ஏவுதல் நின்றது. 2014 ஜனவரி 5-ல்தான் இந்திய கிரையோ எஞ்சின் ஒரு செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுசேர்த்தது. அது ரஷ்ய வடிவமைப்பை ஒட்டி வந்த சிறிய எஞ்சின். சிஇ-20 அதைவிடப் பெரியது, வேலை செய்யும் முறையிலும் வேறு.

2017 மே மாதக் கடைசி வாரம்

புதிய ராக்கெட்டின் படங்கள் வெளிவந்துவிட்டன. ஆர்வலர்கள் 2014 படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு அங்கமாக ஒப்பிடுகிறார்கள்.

பூஸ்டர்களின் மூக்கு மாறியிருக்கிறது. முன்பு நேராகக் கூம்பியிருந்தது, இப்போது உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோளை மூடியிருக்கும் தலைக்கவசமும் கோணம் போய், வளைந்து கூம்பும் வடிவத்துக்கு வந்திருக்கிறது. கிரையோ நிலையின் இரண்டு தொட்டிகளுக்கும் இடையிலான பகுதியும் புதுவடிவம் பெற்றிருக்கிறது. காற்று மோதும் இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக 2014 பயணத்துக்குப் பிறகு செய்த திருத்தங்கள் இவை.

உயரம் 43.43 மீட்டர், எடை 640 டன். இருநூறு யானைகளின் எடை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஏப்ரல் கடைசியில்தான் 'பாகுபலி'யின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. ராக்கெட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3 என்று சொன்னால் புரியாமல் போகலாம். "பாகுபலி ராக்கெட் எப்ப விடறாங்க?" என்றால் எல்லோருக்கும் தெரிகிறது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தியாவின் கனமான தகவல்தொடர்புக் கோள்கள் எல்லாம் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளம்வரை கப்பம் கட்டிப் போய்த்தான் ஏரியான் ராக்கெட்டில் ஏறுகின்றன. இருக்கிற ஜி.எஸ்.எல்.வி.யால் இரண்டு டன்னுக்குச் சற்று மேல்தான் முடியும். மே 5 அன்று அது தூக்கிப்போன தெற்காசிய செயற்கைக்கோள் 2,230 கிலோ. மார்க்-3 நான்கு டன்வரை தூக்க வேண்டும். அதில் முதல் கோளாக ஏறக் காத்திருக்கும் ஜிசாட்-19-இன் எடை 3,136 கிலோ. இதுவரை இந்திய மண்ணிலிருந்து அவ்வளவு கனமான கோள் எதுவும் கிளம்பியதில்லை.

ஜூன் 4, ஞாயிறு

பிற்பகல் 3.58-க்கு கவுன்ட் டவுன் தொடங்கியது. மொத்தம் 25 மணி 30 நிமிடம்.

ராக்கெட் பார்க்கப் போகிறவர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி சென்னையிலிருந்து மின்சார ரயிலில் சூலூர்பேட்டைக்குப் போகும். ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிடுகிற செங்காளம்மன் கோயில் இருக்கும் ஊர் அது. அங்கிருந்து ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குப் போகும் சாலையில் காவல் தடுப்புவரைதான் மக்களுக்கு அனுமதி. பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் மாடம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் திறக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். இன்னொரு கட்சி பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும். இரண்டுக்கும் போக முடியாதவர்களுக்கு சென்னையின் மொட்டை மாடிகள் இருக்கின்றன.

பழவேற்காட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள். விசைப்படகுகளுக்குத்தான் அந்தத் தடை, சிறு படகுகள் போகலாம். ஆனால் ராக்கெட் விடும் நாளில் அவர்களும் அந்தப் பக்கக் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவின் நாட்காட்டி இந்தக் கரைக்காரர்களுக்கு வெறும் வேடிக்கையல்ல, ஒரு நாள் வருமானத்தையும் அதுதான் முடிவு செய்கிறது.

ஜூன் 5, திங்கள்

வேலை நாள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரமாகியும் வெயில் இறங்கவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கரையில் நிற்பவர்கள் எல்லோரும் கையை நெற்றியில் வைத்து வடக்கே பார்க்கிறார்கள்.

தயாராக வந்தவர்களின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். நோட்டிலிருந்து கிழித்தது, நான்காக மடித்தது, வியர்வையில் ஓரம் நனைந்தது. பேனாவால் ஐந்து எண்கள்: 0, 114, 140, 320, 979. பக்கத்தில் குறிப்புகள். பூஜ்யத்தில் பூஸ்டர்கள் பற்றும். நடுவில் இருக்கும் எல்110 நிலை தரையில் சும்மாவே இருக்கும், 114-ஆம் நொடியில் வானத்தில்தான் பற்றிக்கொள்ளும். 140-ல் பூஸ்டர்கள் கழன்று விழும். 320-ல் எல்110-உம் விடைபெறும். அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் கிரையோ. கடைசி எண்ணில் கோள் பிரிய வேண்டும். 320-க்கும் 979-க்கும் நடுவே அடிக்கோடு, இரண்டு முறை.

5.28.

அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. சத்தமே இல்லை. பொட்டு நீண்டு கோடாகிறது, கோட்டுக்குக் கீழே வெள்ளைப் புகைத் தூண். பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடந்து வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ராக்கெட் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய், கழுத்து வலிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அந்த உறுமல் தண்ணீரின் மேல் உருண்டு வந்து நெஞ்சுக்கூட்டில் அதிரும். அது கேட்கும்போது காகிதத்தில் 114 நெருங்கியிருக்கும்.

பிறகு 140. பூஸ்டர்கள் கழன்றபின் வெளிச்சம் மங்குகிறது. வந்தவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போவார்கள். புகைத்தூணைக் காற்று வளைத்துக் கலைக்கும். குழந்தைகள் அதையும் படம் எடுப்பார்கள்.

காகிதக்காரர்கள் போகமாட்டார்கள். அவர்கள் வந்த காரியம் இனிமேல்தான் தொடங்குகிறது. ஆனால் பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை. 5.33-க்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேலே, வங்காள விரிகுடாவின் நடுவே எங்கோ, சிஇ-20 முதன்முறையாக விண்ணில் பற்ற வேண்டும். மகேந்திரகிரியில் கட்டிவைத்து எரித்த அதே 640 நொடிகளை இப்போது கட்டில்லாமல் எரிந்து காட்ட வேண்டும்.

கண் பயன்படாத நேரம். செல்போனைச் சுற்றி நான்கு தலைகள் குனிகின்றன. சிக்னல் வந்து வந்து போகிறது. திரையில் ஒரு பச்சைக் கோடு, அதன்மேல் ஊர்ந்துபோகும் ஒரு புள்ளி. திட்டமிட்ட பாதையும் போகிற பாதையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றனவா என்பது மட்டுமே இப்போது செய்தி. 2010 ஏப்ரலில் இதேபோல் ஒரு கோடு பாதையைவிட்டுக் கீழே வளைந்தபோது பார்த்தவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் பேசுவதில்லை. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், ஒன்பது. புள்ளி கோட்டைவிட்டு விலகவில்லை.

5.44-க்கு ஜிசாட்-19 பிரிந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. கட்டுப்பாட்டு அறையில் இஸ்ரோ தலைவர் ஏ.எஸ். கிரண் குமாரும் சக விஞ்ஞானிகளும் கைகுலுக்கி அணைத்துக்கொள்கிறார்கள். கரையில் இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. புகைத்தடம் முழுதாகக் கலைந்துபோய், ராக்கெட் போன வானம் எது என்று காட்ட அங்கே எந்த அடையாளமும் இல்லை. ஒருவர் காகிதத்தில் 979-க்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

ஜூன் 29, வியாழன்

விடியற்காலை 2.45. தூங்காமல் விழித்திருக்கும் சில வீடுகளில் மறுபடியும் ஒரு நேரடி ஒளிபரப்பு. இந்த முறை இடம் கூரூ, ராக்கெட் ஏரியான்-5, உச்சியில் இந்தியாவின் ஜிசாட்-17. மார்க்-3 பறப்பதற்கு வெகு முன்பே செய்துகொண்ட ஏற்பாடு.

ஏரியான் எப்போதும்போல் பழுதில்லாமல் கிளம்புகிறது. ஆர்வலர்கள் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறார்கள், நம் கோள் அல்லவா. ஆனால் திரையின் ஓரத்தில் வந்த எடையைக் கவனித்தவர்கள் அதைக் குறித்துக்கொள்ளத் தவறவில்லை. 3,477 கிலோ. மூன்றரை வாரத்துக்கு முன் பழவேற்காட்டுக் கரையிலிருந்து பார்த்த அந்தப் பருத்த ராக்கெட்டின் நான்கு டன் கணக்குக்குள் அடங்குகிற எடை.

மார்க்-3-இன் அடுத்த பயணம் எப்போது என்ற பேச்சு விடிவதற்குள் தொடங்கிவிட்டது.