காட்டுப்பாக்கம் டு முட்டுக்காடு: கடைசிப் படம் வீடு

காலை ஏழு மணி. காட்டுப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் கால் டாக்ஸிக்காக ஒரு தாயும் ஏழு வயது மகனும் காத்திருக்கிறார்கள். பூந்தமல்லி சாலையின் ஹாரன் சத்தம் தாங்காமல் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான்.

"புள்ளைய ஒழுங்கா வளர்க்கக் கூடாதாம்மா?" என்கிறார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

அந்தத் தாய் பதில் பேசவில்லை. கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மகனிடம் காட்டுகிறார். கார், உப்பளம், படகு, வீடு என வரிசையாக நான்கு படங்கள். மகன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறான். அலறல் மெல்ல அடங்குகிறது.

இருவரும் போவது முட்டுக்காட்டில் நடக்கும் ஆட்டிசம் கருத்தரங்குக்கு. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குவது அந்த ஊரில்தான். போரூர் பைபாஸ் ஏறி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் தாண்டினால் உப்பளங்கள். கோவளம் வந்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வருகிறான்.

பெரியவர் கேட்ட கேள்வி புதிதல்ல. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே காரணம் என்று நிபுணர்களே நம்பினார்கள். 1964-ல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, வளர்ப்பின் குற்றமல்ல. இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு.

முதல்முறை இப்படியொரு கருத்தரங்குக்குப் போனபோது இந்தத் தாய் கேட்ட ஒரே கேள்வி, "என் பையன் எப்போ பேசுவான்?" அன்று கையோடு கொண்டுவந்த யோசனைதான் இந்தப் பட அட்டை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இப்படிப்பட்ட பல பிள்ளைகளுக்குப் பெரும் பயம். படங்கள் வரிசையைச் சொல்லிவிடும். கடைசிப் படம் வீடு என்பதே பாதி நிம்மதி.

மதிய இடைவேளையில், முட்டுக்காடு படகுத்துறையில் அரை மணி நேரம். அலையில்லாத கழிமுகத்தில் படகுகள் போவதைப் பையன் இமைக்காமல் பார்க்கிறான்.

மாலையில் மறுபடி காட்டுப்பாக்கம். அதே நெரிசல், அதே ஹாரன். வீட்டு வாசலில் நின்று பையன் அம்மாவின் கைப்பையைத் துழாவி அட்டையை எடுக்கிறான். வீட்டை விட்டுவிட்டு, படகின் மேல் விரலை வைத்து அம்மாவைப் பார்க்கிறான்.

"நாளைக்கு இல்லடா கண்ணா, இன்னொரு நாள் போலாம்" என்கிறார் அம்மா.

கேள்வி புரிந்துவிட்டது. பதிலும்தான்.