மாமிக்கு ஏலாது

2023 ஆனி முடிகிற நாட்களில் ஒரு பின்னேரம், கனடாவிலிருக்கும் அக்காவின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வசனம் அனுப்பினேன். "மாமிக்கு ஏலாது மனே. கப்பல் பயணம் கூடவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. மாமிக்கு எல்லாம் ஏலும். ஏலாமல் போனது எனக்கு.

முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். விடை பிழைத்த பிள்ளையிடம், "செய்கையைக் காட்டு, எந்த வரியில பிழைச்சதெண்டு பார்ப்பம்" என்று கேட்டே தலை நரைத்தவன். இப்போது என் செய்கையைக் காட்டுகிறேன்.

அந்த வருடம் ஜூன் 5ஆம் திகதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு முதலாவது உல்லாசக் கப்பல் புறப்பட்டது. இந்தியக் கப்பல்துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பினார். கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் அது. 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரோடு சேவையில் இறங்கி, பல கை மாறி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. இருநூறு மீற்றருக்கு மேல் நீளம். ஆயிரத்து எண்ணூறு பேரளவில் ஏறலாம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று எங்கள் துறைமுகங்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. மருமகன் அதைக் கனடாவிலிருந்து வாசித்துவிட்டு அன்றிரவே எடுத்தான். ஆடியில் அவன் மனைவியின் தம்பிக்குச் சென்னையில் கலியாணம். கலியாணம் முடிந்த கையோடு எல்லோரும் கப்பல் ஏறுவோம், மாமாவும் மாமியும் கட்டாயம் வரவேண்டும், காசு அவன் பொறுப்பு. பிள்ளை இல்லாத எங்களுக்கு அவன்தான் பிள்ளை.

எங்கள் ஊர் வினாயகபுரத்திலிருந்து திருகோணமலைக்குப் பஸ் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கொழும்புக்கு இரவு பஸ், அங்கிருந்து சென்னைக்குப் பிளேன், அங்கிருந்து கப்பலில் திரும்பவும் திருகோணமலை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்தக் கூத்தைச் சொல்லி நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, எடுத்துப்போகும் சாமான்களை எழுதத் தொடங்கினாள்.

அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சேலை இரண்டு, ஒன்று கத்தரிப்பூ நிறம். குளிருக்குக் கம்பளிச் சட்டை, கேள்விக்குறியோடு. சீனி மாத்திரை, பிரஷர் மாத்திரை, இஞ்சி, காய்ந்த நாரத்தங்காய். மட்டக்களப்புக் கச்சான் இரண்டு கிலோ, பயற்றம் பணியாரம், எலுமிச்சங்காய் ஊறுகாய். கப்பலுக்குள் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், உள்ளே நாள் முழுக்கச் சாப்பாடு போடுவார்கள் என்று மருமகன் விளங்கப்படுத்தினான். "அஞ்சு நாளும் சோறு தருவானுகளா கா?" என்று என்னைக் கேட்டாள். கச்சானை மட்டும் வெட்டினாள், ஊறுகாயை வெட்டவில்லை.

மருமகன் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது சொல்வான். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் மாத்திரையும் கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்கவேண்டும். கப்பல் சென்னையிலிருந்து வெளியே வந்து சென்னைக்கே திரும்புவதால், எங்களைப் போன்ற இலங்கைக்காரருக்கு இந்திய விசா ஒருமுறை நுழைகிற விசாவாக இருந்தால் போதாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. இதைக் கேட்டதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: கீழ்த்தட்டென்றாலும் யன்னல் இருக்குமா?

அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகிற கப்பல் சங்கமன்கண்டி முனையைச் சுற்றித்தான் போகவேண்டும். இலங்கையின் கிழக்கு அந்தமே அதுதான். எங்களுக்குத் தெற்கே கூப்பிடு தூரம். முனை தாண்டினால் வினாயகபுரம், திருக்கோவில், தம்பிலுவில், பிறகு அக்கரைப்பற்று, ஒலுவில். அவள் கடலிலிருந்து எங்கள் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டாள். பிறந்ததிலிருந்து இங்கிருந்து அங்கே பார்த்திருக்கிறோம், ஒருக்கா அங்கிருந்து இங்கே பார்க்கவேணும் என்றாள்.

உருளை வைத்த பெட்டி வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனோம். கடைக்காரக் காக்கா விசயத்தைக் கேட்டுவிட்டு, "அஷ்ரப் சேர் இருந்திருந்தா நீங்க சென்னைக்குப் போகத் தேவல்ல சேர், ஒலுவில்லயே ஏறியிருக்கலாம்" என்றார். கல்முனையின் எம். எச். எம். அஷ்ரப் 1994இல் துறைமுக அமைச்சரானபோது எங்கள் கரைக்கும் ஒரு துறைமுகம் என்ற கனவு வந்தது. 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போனார். டென்மார்க் கடனில் கட்டிய ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. வாயை மணல் மூடியது. அந்தப் பக்கம் மணல் சேர, இந்தப் பக்கம் ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. திருகோணமலையில் அவர் பெயரில் ஒரு துறைமேடை இருக்கிறது. "சேர், அதில இறங்கி ஒரு சலாம் சொல்லுங்க" என்றார் காக்கா. அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து ஒழுங்கை மணலில் பெட்டியை இழுத்தாள். உருளை சுழலாமல் உழுதுகொண்டே வந்தது.

என் பிழை எந்த வரியில் தொடங்கியதென்று எனக்குத் தெரியும். மருமகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு கப்பலில் ஏறிய பயணிகள் எல்லோரும் செம்மஞ்சள் அங்கி மாட்டி வரிசையாக நிற்கிறார்கள். புறப்பட முன் எல்லோரும் கட்டாயம் செய்யவேண்டிய பாதுகாப்புப் பயிற்சியாம். அவளுக்கு அது பகிடி. "இந்த அங்கிக்குள்ள நீங்க பலாப்பழம் மாதிரி இருப்பீங்க" என்றாள். அன்றிரவு அவள் படுத்தபின் போனில் தேடினேன். கொஸ்டா கொன்கோர்டியா கண்ணில் பட்டது. 2012 ஜனவரி 13, இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் இடித்துச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். கப்டன் ஸ்கெத்தீனோ பயணிகள் உள்ளே இருக்கும்போதே கப்பலை விட்டு இறங்கிவிட்டான். அவனுக்கு 16 வருடச் சிறை.

போனை மூடிவிட்டு விடியும்வரை கிடந்தேன். இறந்தவர்களை நினைத்து அல்ல. அந்தக் கப்டனை எனக்குத் தெரியும்.

2004 டிசெம்பர் 26, ஞாயிறு, போயா நாள். நான் முகம் வழித்துக்கொண்டிருந்தேன், அவள் கிணற்றடியில். "கடல் வருது, கடல் வருது" என்று சத்தம். அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் சனம் போன காலை அது. நாட்டிலேயே எங்கள் மாவட்டத்துக்குத்தான் கூடுதல் சாவு. அந்தக் கணக்கெல்லாம் பிறகு வந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு படலை, அதற்கப்பால் ஒரு ஒழுங்கை, அதற்கப்பால் பெரிய றோட்டு. ஓடினேன். கிணற்றடிக்கு எட்டே எட்டுக் கவடு. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. றோட்டில் ஏறி, வயல்பக்கம் இறங்கி, மூச்சு வாங்க நின்றபோது ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை அப்படியே இருந்தது. அரைமணித்தியாலத்துக்குப் பிறகு அவள் வந்தாள், இடுப்புவரை சேற்றுத் தண்ணி, கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகாமில் யாரோ கேட்டபோது, "இவர்தான் முன்னால போய் வழி பார்த்துக் கூப்பிட்டார்" என்று சொன்னாள். அதை அவள் நம்பிச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் கடல் மணலில் கால் வைக்கவில்லை. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கடலில் தீர்த்தமாடுவார். தகப்பனை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து முழுகுவார்கள். முழங்கால் நோகிறது என்று சொல்லி நான் கோவில் வீதியிலேயே நின்றுவிடுவேன். அப்பாவுக்கு ஒரு முழுக்கும் இல்லை. அவர் கடலுக்குப் பயப்படாத மனிதர். அந்தக் காலத்தில் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி இராமேஸ்வரம் போய், வழிமுழுக்க வாந்தியெடுத்து, அதையே ஆயுள் முழுக்கப் பெருமையாகச் சொன்னவர்.

தண்ணீருக்குப் பயந்தேன் என்று சொல்லி இங்கே நிறுத்தினால் நீங்கள் எனக்காக இரங்குவீர்கள். கரையெல்லாம் அந்தப் பயம் உள்ளவர்கள்தான். சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். என் பயம் வேறு. அந்தக் கப்பலில் மணி அடித்தால், எல்லோர் முன்னாலும், அவள் முன்னாலும், நான் எந்தப் பக்கம் ஓடுவேன்?

அதனால் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அந்த டொக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. பிரஷர் பார்த்தார், சீனி அளவைப் பார்த்தார். அவள் மருந்துத் துண்டோடு பாமசி வரிசைக்குப் போனபின் என்னிடம், "தாராளமாப் போகலாம் ஐயா, மாத்திரையை மறக்காமப் போட்டாச் சரி" என்றார். வாசலைத் தாண்டும்போது நான் முகத்தை வேறாக்கிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்றாள்.

"நீ போகக் கூடாதாம் புள்ள. நெஞ்சு கொஞ்சம் பலவீனமாம்."

நெஞ்சு என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பஸ்ஸில் அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டடியில் இறங்கி, "என்னாலதானே உங்களுக்கும் கப்பல் இல்லாமப் போச்சு" என்றாள். "பரவாயில்ல" என்றேன். பெரிய மனது பண்ணி மன்னித்தவன்போல அதைச் சொன்னேன். இந்த வாக்குமூலத்தில் என்னால் மிகவும் சகிக்கமுடியாத இடம் இந்த 'பரவாயில்ல'தான்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு பயணம்தான் போச்சு என்றிருக்கலாம். பொய் வீட்டுக்குள் குடியிருந்தது. குடம் தூக்குவதை நிறுத்தினாள். கோவிலுக்குத் தனியே போவதை நிறுத்தினாள். படியேறும்போது நெஞ்சில் கை வைப்பாள். அங்கே ஒன்றும் இல்லை, நான் வைத்த சொல் மட்டும்தான் இருந்தது. ஒரு பிள்ளையை இடுப்பில் சுமந்து கடலிலிருந்து வந்தவளை, இரண்டு மாதத்தில் வருத்தக்காரி ஆக்கினேன். சொந்தக்காரர் வந்து பார்த்தார்கள், தோடம்பழம் கொண்டுவந்தார்கள். நல்ல புருசன், கப்பலையும் விட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பார்க்கிறார் என்று எனக்குப் பேர் வேறு.

மருமகனும் குடும்பமும் ஆடியில் சென்னையில் ஏறினார்கள். திருகோணமலையில் அவர்கள் இறங்குகிற அன்று பஸ்ஸில் போய்ப் பார்ப்போமா என்று கேட்டாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உன் நெஞ்சுக்கு ஏலாது என்றேன். முதல் பொய்க்கு உண்மையாக நடக்க வேண்டியிருந்தது.

"அப்ப ராவைக்குக் கரையில நிண்டு பார்ப்பம்" என்றாள். அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அம்பாந்தோட்டையில் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், எத்தனை கடல் மைல், என்ன வேகம் என்று கடுதாசியில் போட்டுப் பார்த்தேன். நடுச்சாமத்தை ஒட்டி முனை தாண்டும் என்று விடை வந்தது. பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூட்டிக்கொண்டு, கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு, பெரிய டோர்ச்சையும் எடுத்து அவள் பதினொரு மணிக்கே போனாள். நான் சவுக்குத் தோப்புவரை போனேன். அதற்கப்பால் என் கால் போகவில்லை. கடலில் இரண்டு மூன்று மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம். அவள் தண்ணி விளிம்பில் நின்று, தெற்குப் பக்கம் டோர்ச்சைப் பிடித்து, அணைத்து அணைத்து எரித்துக்கொண்டிருந்தாள். யன்னலோரம் யாராவது பார்ப்பார்கள் என்று.

பதினொன்று ஐம்பதுக்கு என் போன் அதிர்ந்தது. மருமகன்தான். "சிக்னல் வந்து வந்து போகுது மாமா. ஒலுவிலும் தாண்டிட்டம் போல, மெப் காட்டுது. தூரத்தாலதான் போகுது, கரைப்பக்கம் ஒண்டும் தெரியல்ல. மாமிய நித்திரை கொள்ளச் சொல்லுங்க."

என் கணக்கு பிழைத்திருந்தது. கப்பல் எங்களைத் தாண்டிப்போய்விட்டது. அவள் தூரத்திலிருந்து என் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்று கேட்டாள். அதே கேள்வி, அதே குரல்.

"இப்பதான் சங்கமன்கண்டியச் சுத்துதாம் புள்ள," என்று சவுக்கு மரத்தடியில் நின்று கத்தினேன். "இன்னும் கொஞ்சம் நில்லு."

அவள் டோர்ச்சைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டத் தொடங்கினாள்.